ஒரு சொட்டு நீலம்

இந்த அறைக்கு வெள்ளை அடித்தவர் நீலம் விட மறந்துவிட்டார், ஐயா. போன வாரம்தான் அடித்தது என்கிறீர்கள். அதற்குள் சுவர் பழுப்பேறி நிற்கிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெயின்ட் கடையில் தலை நரைத்தவன் எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். தையல்காரி எதிரே வருகிறவர்களின் தோள்பட்டைத் தையலைப் பார்ப்பாள். என் மனைவி அப்படித்தான் பார்ப்பாள்.

அவளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். அந்த அம்மா டைப் அடிக்கச் சிரமப்படாதபடி நிதானமாகவே சொல்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நான் செய்ததை என்னைவிட நன்றாக யார் எடுத்துச் சொல்லிவிட முடியும்.

முதலில் வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வருகிற வெள்ளை வெறும் வெள்ளை. அதை அப்படியே சுவரில் ஏற்றினால் சோகை பிடித்த முகம் மாதிரி மஞ்சளடிக்கும். அதில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்க வேண்டும். அப்போதுதான் பளீரென்று நிற்கும். வெளுத்த சட்டைக்கு நீலம் போடுகிறோமே, அதே கணக்குதான். ஒன்று குறைந்தால் பழுப்பு, ஒன்று கூடினால் ஆகாயம். எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் கரண்டியும் சொல்லித் தராது, கண்தான் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் அந்தக் கண் என்னுடையது. கழுகுக்கண்ணர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ ஒரு பழைய கதவின் சில்லைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பார்த்த மாத்திரத்தில் கலந்து கொடுத்துவிடுவேன். பூசினால் பழையது எது புதியது எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

அவளுக்கும் நிறத்தில் ஞானம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக நூல்கண்டுகள். கல்யாணமான புதிதில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். அவள் ஒரு நூலை இழுத்துக் காட்டுவாள். எதில் எதைக் கலந்தால் அந்த நிறம் வரும் என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னதும் தோளில் ஒரு தட்டு தட்டி, "உங்க கண்ணுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன்" என்பாள். அதைவிடச் சந்தோஷமான பேச்சை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. பிற்பாடு அவளுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் ஊசி போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சமாளித்தாள்.

பிறகு அந்தப் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். தன் கிளினிக்குக்கு வெள்ளை கேட்டார், நானே கலந்து கொடுத்தேன். சுவர் காய்ந்ததும் மனிதர் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்.

"வெள்ளை கேட்டா ஆகாயத்த அள்ளிக் குடுத்திருக்கீங்க. வாயத் தொறந்து படுக்கிற ஆளுங்க எல்லாம் நீலமாத் தெரியறாங்க. பல்லப் பாக்கறதா, உசுரு இருக்கான்னு பாக்கறதா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வாடிக்கையாளர் சிரிப்பது வேறு, நம்மோடு வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பது வேறு. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் அங்கே நின்றிருந்தாள். அந்தப் பெயின்டைப் பூசி டாக்டர் கொண்டுவந்திருந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"என்னங்க, டாக்டர் சொல்றது நெசந்தான். நீலம் ரொம்பத் தூக்கலா இருக்கு. உங்க கண்ணுலதான் ஏதோ படலம். நானும் எத்தன தடவ சொல்லிட்டேன், ஒரு தடவ காட்டிக்கிட்டு வந்துருங்களேன்."

அவள் கத்திச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. பாசமாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பாசமாகச் சொன்னதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்ச நாள் குடோன் பக்கம் பாத்துக்குங்க" என்றார். கலக்குகிற இடத்தில் அவர் மருமகன் வந்து உட்கார்ந்தான். அவன் கண்ணால் பார்ப்பதே இல்லை. போனைச் சுவரில் காட்டுவான். என்ன நிறம், எதில் எவ்வளவு என்று போன் சொல்லும். அவன் ஊற்றுவான். அவ்வளவுதான் வேலை. நான் குடோனில் டப்பாக்களை அடுக்கினேன்.

கண் டாக்டரிடம் அவளே நேரம் வாங்கி வைத்தாள். போகிறேன் என்று கிளம்பிப் போய் ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். "கண்ணு முத்து மாதிரி இருக்காம்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் எதையும் சுலபமாக நம்பிவிடுவாள், ஐயா, என் கண்ணைத் தவிர.

இப்போது அந்தச் சர்க்கரை பார்க்கிற டப்பாவுக்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்தவன் என் மச்சான், அவளுடைய தம்பி. மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. வாய் ஓயாதவன், நல்லவன். டப்பாவுக்குள் சின்னச் சின்னக் காகித வில்லைகள் இருந்தன. விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தை வில்லையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது நீலமாகும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு நீலம். கூடவே ஓர் அட்டை. அதன் நடுவில் வில்லை வைக்க ஒரு குழி, குழியை ஒட்டி ஒரு வெள்ளைச் சதுரம். போனை வைத்து ஒரு படம் எடுத்தால் திரையில் எண் வந்துவிடும். அந்த எண் அப்படியே கிளினிக் நர்ஸம்மாவுக்கும் போய்விடும். அதைப் பார்த்து அவர்கள் ஊசியைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார்கள்.

"அக்கா, இனிமே லேபுக்கு நாயா அலைய வேணாம். உக்காந்த எடத்துல போனே சொல்லிரும்" என்றான் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மாமா, கழுகுக்கண்ணு இப்ப போன்லயே வந்துருச்சு. கடையிலயும் உங்க எடத்தப் புடிச்சுக்கிச்சு, வீட்டுலயும் புடிச்சுக்கிச்சு."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அதையும் பேசுவார்கள்.

அந்த வெள்ளைச் சதுரம் எதற்கு என்று மச்சானிடம் கேட்டேன். அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அறை வெளிச்சம் ஒரு நேரம் போல் இன்னொரு நேரம் இருக்காது. ஆகவே போன் முதலில் அந்தச் சதுரத்தைப் பார்க்கும். இதுதான் வெள்ளை என்று மனதில் வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் வில்லையில் எவ்வளவு நீலம் கூடியிருக்கிறது என்று கணக்குப் போடும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. வெள்ளையைத் தெரிந்தவனுக்குத்தான் மற்ற நிறம் தெரியும்.

முதல் சில நாட்கள் நான் போனோடு போட்டி போட்டேன். வில்லை நீலமானதும் போனுக்கு முன்னால் நானே எண்ணைச் சொல்வேன். ஒருநாள்கூட ஒத்துப்போகவில்லை. என் கண்ணுக்கு வெளிர் நீலம், போனுக்கு அடர் நீலம். நான் குறைவு என்பேன், போன் அதிகம் என்னும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, போன் சொன்ன எண்ணுக்கு ஊசி போட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், ஐயா. கழுத்தை நீட்டியது இந்தக் கண்ணுக்காக என்று சொன்னவள், ஒரு கையடக்க யந்திரம் சொன்னதைக் கேட்டு ஊசியை ஏற்றிக்கொள்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

போன்தான் தப்பாகப் பார்க்கிறது என்று எனக்குப் பட்டது. தப்பாகக் கலந்த டப்பாவைப் பார்த்தால் என்ன செய்வேன், திருத்துவேன். அதைத்தான் செய்தேன்.

டப்பாவில் இரண்டு அட்டைகள் இருந்தன, ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்று இருக்கட்டும் என்று. ஒன்றை என் கருவிப்பெட்டிக்குள் போட்டேன். மற்றதைக் குடோனுக்கு எடுத்துப் போனேன். வெள்ளை எடுத்து, அதில் ஒரு சொட்டு நீலம் விட்டேன். பார்த்தால் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு சொட்டு விட்டேன், அப்போதும் வெள்ளைதான். நீலம் தலை காட்டும்வரை விட்டுக்கொண்டே போய், தலை காட்டியதும் வெள்ளையைச் சேர்த்துக் கொஞ்சம் பின்வாங்கினேன். அதுதான் முறை. என் கண்ணுக்கே தெரியாத நீலம். எனக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரியப்போகிறது. மெல்லிய தூரிகையால் அந்தச் சதுரத்தின் மேல் பூசினேன். ஓரம்கூடப் பிசகவில்லை. காய்ந்த பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல வேலை. குடோனுக்கு அனுப்பிய பிறகு என் கையால் செய்த ஒரே கலவை அதுதான்.

அன்று மாலை அவள் வில்லையை வைத்தாள். நான் படம் எடுத்தேன். போன் அந்தச் சதுரத்தை வெள்ளை என்று நம்பி, அதிலிருந்த நீலத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டு, வில்லையில் மிச்சமிருந்ததை மட்டும் கணக்கிட்டது. நான் மனதில் நினைத்த எண் திரையில் வந்து நின்றது. அன்று முதல் போன் என் கண்ணால்தான் பார்த்தது.

ஐயா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று அன்று எனக்கு எண்ணமில்லை. ஒரு நாலு நாள் பார்ப்பது, பிறகு மச்சானையும் அவளையும் உட்கார வைத்து, "பாத்தீங்களா, உங்க போன ஒரு சொட்டுல ஏமாத்திட்டேன்" என்று சொல்வது. அவ்வளவுதான் திட்டம். சிரிப்பது என் முறையாக இருந்திருக்கும்.

ஆனால் அவள் சந்தோஷப்பட்டுவிட்டாள். எண்ணைப் பார்த்ததும் குழந்தை மாதிரிக் கை தட்டினாள். நர்ஸம்மா போனில் கூப்பிட்டு, "அசத்துறீங்கம்மா, இப்படியே போனா ஊசியப் பாதியாக் கொறச்சிரலாம்" என்றார். குறைத்தார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள். இத்தனை வருஷம் வாயைக் கட்டியவள் ஆசைப்பட்டதை ஒரு வாய் சாப்பிட்டாள். எனக்கும் ஊட்டிவிட்டாள். "உங்க கை ராசிதாங்க, நீங்க படம் எடுக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் எறங்குது" என்றாள். அப்படிப்பட்ட நேரத்தில் எந்தப் புருஷன் போய் அட்டை பொய் என்று சொல்வான்? எங்கள் வாழ்க்கையில் அது ஒரு நல்ல காலம், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உடம்பு மெலிந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் எப்படி இளைத்தாய் என்று வழி கேட்டார்கள். பிறகு தாகம் வந்தது. தண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குடிப்பாள், எழுந்து போவாள், வந்து மறுபடி குடிப்பாள். "என்னன்னே தெரியலங்க, நாக்கு ஒட்டிக்கிட்டே இருக்கு" என்றாள். வெயில் என்றேன். கால் ஓய்கிறது என்றாள். மெஷின் மிதிக்கிற கால் ஓயாமல் என்ன செய்யும் என்றேன். சந்தேகம் வந்தால் போனைக் கையில் கொடுப்பேன். எண்ணைப் பார்த்துவிட்டு அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். "போனு நல்லாத்தான் சொல்லுது, நான்தான் சும்மா சும்மா மொனகறேன்." உடம்பு சொல்வதை விட்டுவிட்டு எண் சொல்வதை நம்ப அவள் பழகிக்கொண்டாள். என் கண்ணை நம்பாமல் போனாளே, அதே மாதிரி தன் உடம்பையும் நம்பாமல் போனாள். இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த வெள்ள கொஞ்சம் நீலமா இல்ல?"

படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். பயம் இல்லை. இதைக் கவனியுங்கள், பயம் இல்லை, கோபம். என் கண்ணுக்கே தெரியாத நீலம் அவளுக்கு எப்படித் தெரியும்? பல் டாக்டரின் அட்டையைப் பார்த்துச் சொன்ன அதே குரலில், அதே பாசத்தோடு சொன்னாள். மறுபடியும் என்னைச் சின்னவனாக்கப் பார்க்கிறாள் என்றுதான் பட்டது.

அட்டையை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு வந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"வெள்ளதாம்மா. உன் கண்ணுலதான் ஏதோ படலம்."

அவள் என்னைப் பார்த்தாள். சர்க்கரை கண்ணைத்தான் முதலில் பிடிக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மையாகவே பார்வையும் அவளுக்கு மங்கிக்கொண்டுதான் வந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு, "அப்படித்தான் இருக்கும்" என்றாள். மறுநாள் தைக்க வந்த துணிகளை எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். நூல் நிறம் தப்பிவிட்டால் அடுத்தவர் துணி பாழாகிவிடும் என்று பயந்தாள். நூல் பெட்டிகளை நான்தான் தூக்கிப் பரணில் வைத்தேன். அவள் கீழே நின்று, எந்தப் பெட்டி எந்த மூலையில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டியைக் கொடுக்கும்போது அழுதாள். அழட்டும் என்று விட்டேன். நான் குடோனுக்குப் போன அன்று நிறங்கள் வரிசையாக அச்சிட்ட என் ஷேடு கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அன்று எனக்காக யார் அழுதார்கள்?

மச்சான் வெளியூர் சுற்றிவிட்டு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, என்னக்கா இது, எலும்பும் தோலுமா நிக்கிற?"

"ஸ்லிம்மாயிட்டேன்டா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது.

"மாமா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமே?"

போனை எடுத்து அவன் கையில் வைத்தேன். கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லா எண்ணும் நல்ல எண். பக்கத்தில் நர்ஸம்மா அனுப்பிய கட்டைவிரல் படங்கள் வரிசையாக நின்றன. அவனே கொண்டுவந்த டப்பா, அவனே புகழ்ந்த போன். "சுகர் நல்லாத்தான் இருக்கு. அப்ப வேற ஏதோ சத்துக் கொறச்சல்தான்" என்று சொல்லிவிட்டு, சத்து மாத்திரை வாங்கி வைத்துவிட்டுப் போனான். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியந்தான் மாமா" என்றான். அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கடைசி நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். காலையிலிருந்தே வாந்தி. ஆழம் ஆழமாக மூச்சு விட்டாள், மாடி ஏறி வந்தவள் மாதிரி. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தின்னர் வாசனை அடித்தது. பெயின்ட் கரைக்கிற தின்னர்தான். என் சட்டையிலிருந்து வருகிறது போல என்று எழுந்து போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அப்போதும் அடித்தது. அவள் மூச்சிலிருந்துதான் வந்தது. சர்க்கரை தலைக்கு மேல் போனால் அப்படி ஒரு வாசனை வரும் என்று மச்சான் என்றோ பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியும்.

"இன்னொரு தடவ பாத்துருங்களேன்" என்று விரலை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திக் கன்றியிருந்தது. குத்தினேன், வில்லையில் வைத்தேன். வில்லை அவ்வளவு நீலமாகி நான் பார்த்ததில்லை. எனக்கே அடர் நீலமாகத் தெரிந்தது. போன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான எண்ணைக் காட்டியது. அப்போதும் பெரிய பயமுறுத்தல் ஒன்றுமில்லை. அதை அவளிடம் சொல்லும்போது அதிலும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. சும்மா பயந்துக்காத."

"அப்ப சரிங்க" என்றாள். நம்பிக் கண்ணை மூடினாள். பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை.

கட்டிலுக்கு அடியில் என் கருவிப்பெட்டி இருந்தது. குனிந்து கை நீட்டினால் எட்டும். நல்ல அட்டை அதற்குள்தான் இருந்தது. எடுக்கலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. எடுத்து ஒரு படம் எடுத்தால் போதும், நர்ஸம்மாவே வண்டி அனுப்பியிருப்பார். அவள் பிழைத்திருக்கவும் கூடும். பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்டிருப்பாள்? அந்த வெள்ளை நீலமாகத்தானே இருந்தது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்டிருப்பாள். அப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆகியிருக்கும். மச்சான் சிரித்திருப்பான், கடையில் சிரித்திருப்பார்கள். அவளும் பாசமாகச் சிரித்திருப்பாள்.

அதனால் பெட்டியைத் தொடவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வியர்வையைத் துடைத்துவிட்டேன். மூச்சு சத்தம் மாறிய பிறகுதான் மச்சானைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "வீட்டுல சுகரே பாக்கறதில்லையா?" என்று எங்கள் மேல் எரிந்து விழுந்தார். மச்சான் போனைக் காட்டினான். அவர் போனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அவள் கண் விழிக்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மச்சான் அந்த டப்பாவைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தான். நர்ஸம்மா அட்டையை எடுத்த எடுப்பிலேயே, "யாரு இதுல நீலம் அடிச்சது?" என்றாராம். அப்படித்தான் விஷயம் உங்கள் வரைக்கும் வந்தது. அந்த நர்ஸம்மா அப்படிச் சொன்னதாக நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் கேட்கவில்லை. போன் காட்டிய எண் பொய் என்று முன்பே தெரிந்துகொண்டு அப்புறமாக அட்டையைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நீலமாகத்தான் தெரியும்.

ஆக, செய்தது நான்தான். அட்டையில் நீலம் பூசியது நான். தாகம் என்றவளுக்கு வெயில் என்று சொன்னது நான். ஆஸ்பத்திரிக்கு என்றவனைத் திருப்பி அனுப்பியது நான். நல்ல அட்டையை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வுக் காகிதத்தில் "அட்டை பளிச்சென்ற ஆகாய நீலத்தில் இருந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். நான் விட்டது கண்ணுக்கே தெரியாத அளவு. அதைப் பெரிதாக்கியது போன். மிகக் கொஞ்சம்தான் செய்ய நினைத்தேன், மிகக் கொஞ்சம்தான் செய்தேன். கழுகுக்கண்ணன் சொட்டுக் கணக்கில் தப்புப் பண்ணினான் என்று எழுதி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, காட்டுங்கள். இரண்டையும் மேஜையில் வையுங்கள். ஒன்று என் கருவிப்பெட்டியில் எடுத்தது, ஒன்று நான் பூசியது, எது எது என்று நான் சொல்ல வேண்டும். அப்படித்தானே? ஜன்னல் பக்கம் கொண்டுபோகலாமா? நன்றி.

ஐயா, என்னிடம் இந்த விளையாட்டு வேண்டாம். இரண்டுமே நல்ல அட்டை. இரண்டும் ஒரே வெள்ளை. நான் பூசியதை நீங்கள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

"சார், வலது பக்கம் இருக்கிறது நல்ல நீலம் சார். இங்கேருந்தே தெரியுது."

டைப் அடிக்கிற அம்மாதானே பேசியது? பரவாயில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கத் திரையையே பார்க்கிற வேலை, பாவம். ஒருநாள் லீவு கொடுத்து யாராவது டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணில்தான் ஏதோ படலம்.